மதகடியில் நின்ற போதிசத்துவர்

சிலைகளோடு இத்தனை வருஷம் காலம் தள்ளியிருக்கிறீர்களே, பெருமையாக ஒன்று சொல்லுங்கள் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். பெருமைப்பட என்னிடம் அதிகச் சரக்கு இல்லை. கை எத்தனை, கிரீடம் எப்படி, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே வந்திருக்கும். அதை நான் திரும்ப ஓதப்போவதில்லை. ஒரு சிலையைப் பற்றித் தப்பாக எழுதி, அதனால் ஒரு காலனி முழுக்கத் தன் சாமியை இழக்க இருந்த கதையைச் சொல்கிறேன். எழுதியவன் நான்தான். தொல்லியல் வேலையில் சேர்ந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயசு.

எண்பதுகளின் தொடக்கம். கிராமம் கிராமமாகப் போய், வெட்டவெளியில் கிடக்கும் கற்சிலைகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை எழுதுவது என் வேலை. உத்திரமேரூரில் இருந்து திருமுக்கூடல் பக்கம் போகிற வழியில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். நான் முதலில் போனது வைகாசி மாதம், உச்சி வெயில். ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரையில் மதகை ஒட்டி ஆளுயரச் சிலை ஒன்று, கழனிகளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. தலையில் இருந்து மார்பு வரை எண்ணெயும் மஞ்சளும் புழுதியும் சேர்ந்து அடை அடையாக ஏறியிருந்தது. உயரமான கிரீடம் மாதிரி ஒன்று தெரிந்தது. நான்கு கை. பின்னிரண்டு கைகளில் என்ன இருந்தது என்று தெரியாதபடி தேய்ந்திருந்தது. முன் இடது கையில் உருண்டையாக ஒன்று. சங்கு என்று முடிவு கட்டினேன். முன் வலது கை தொடையோரமாகத் தாழ்ந்து, உள்ளங்கை வெளியே தெரியும்படி விரிந்திருந்தது. அந்தக் கைக்கும் தொடைக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு பிடி காய்ந்த புல். படத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று நானே என் கையால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் படமெடுத்தேன்.

அந்தப் புல்லை மறந்துவிடாதீர்கள்.

மதியச் சாப்பாடு அந்த ஊரின் பெரிய நிலக்காரர் வீட்டில். ஊரே அவரைப் பெரிய நைனா என்றுதான் கூப்பிடும். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வேகாத வெயிலில் வந்தவனுக்கு முதலில் மோர் கொடுத்து, அப்புறம் இலை போட்டவர். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அது பெருமாள்தானே சார் என்று கேட்டார். ஆமாம், பெருமாள்தான் என்றேன். யாராவது பூசை செய்கிறார்களா என்று கேட்டேன். அங்கே யார் போகிறார்கள், சும்மா கிடக்கிறது என்றார். சோறு கண்ட இடம் சொர்க்கம் என்பார்களே, அந்தச் சொர்க்கத்தில் உட்கார்ந்தபடியே அட்டையை நிரப்பினேன். உருவம்: திருமால். வழிபாடு: இல்லை. அந்த ஊரில் வேறு ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலனி ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்க எனக்குச் சோம்பல்.

எட்டு மாதம் கழித்து, தை மாதத்தில், என் மேலதிகாரி கூப்பிட்டு இரண்டு மனுக்களை மேஜையில் போட்டார். ஒன்று பெரிய நைனாவும் ஊர்க்காரர்களும் கொடுத்தது. உங்கள் அலுவலகமே திருமால் என்று எழுதியிருக்கிறது, வழிபாடு இல்லை என்றும் எழுதியிருக்கிறது, ஆகவே சிலையை ஊர்ப் பெருமாள் கோயிலுக்குள் கொண்டுபோய் வைக்க அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மற்றது காலனியில் இருந்து. கீழே கையெழுத்து குறைவு, கைநாட்டுத்தான் அதிகம். அது எங்கள் சாமி, கோயிலுக்குள் போய்விட்டால் நாங்கள் அதன் முகத்தைப் பார்க்கக்கூட முடியாது என்று எழுதியிருந்தது. சட்டப்படி அந்தக் கோயில் கதவு எல்லாருக்கும் திறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. காலனிக் கால் ஒன்றுகூட அந்தப் படியை மிதித்ததில்லை. தாசில்தார் நேரில் விசாரிக்க நாள் குறித்திருந்தார். முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பினார் மேலதிகாரி.

இந்தத் தடவை நேராக மதகுக்குப் போனேன். ஏரியில் தண்ணீர் இருந்தது. கீழே பெரிய நைனாவின் கழனியில் நவரைப் பருவத்து நடவு. முழங்கால் சேற்றில் பதினைந்து இருபது பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். என் கண் சிலையின் கைக்குப் போனது. அந்த இடுக்கில் ஒரு பிடி பச்சை நாற்று செருகியிருந்தது.

வைகாசியில் நான் புல் என்று பிடுங்கி எறிந்தது எது என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வரப்பேறி ஒரு பெண் வந்தாள். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். அஞ்சலை என்று பெயர், நடவு ஆட்களைக் கூட்டி வருவது அவள்தான், மனுவில் முதல் கைநாட்டும் அவளுடையதுதான். கை காலைக் கழுவிக்கொண்டு நிதானமாக வந்து நின்றாள்.

"நீங்கதான் சார் எய்தினீங்களா, இதுக்குக் கும்புடறவங்க ஆரும் இல்லன்னு?"

ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். நடவு தொடங்குகிற அன்றைக்கு முதல் பிடி நாற்றை அந்தக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார்களாம். அடுத்த நடவு வருகிற வரைக்கும் அதை யாரும் தொட மாட்டார்களாம். கழனிக்கு வருகிற கஞ்சியில் முதல் கரண்டி அந்த உள்ளங்கையில்தான். கை நீட்டிக்கொண்டு நிற்பதால் அதற்குக் கையேந்தி சாமி என்று பெயர். நம்மை மாதிரியே அதுவும் கையேந்தி நிற்கிறது, அதற்குக் கொடுக்காமல் நாம் எப்படித் தின்பது என்பது அவர்கள் கணக்கு. போன வருஷம் நடு வெயிலில் யாரோ நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள் என்றும், சாமியைத் தூக்கிப்போக ஊர்க்காரர்கள் அன்றைக்கே திட்டம் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னாள்.

"வெளக்கேத்தி மணியடிச்சாத்தான் கும்புடறதா சார்? எங்களுக்குத் தெரிஞ்சது இதுதான். அதுவும் இதுக்கு மேல கேட்டதில்ல."

பிடுங்கியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சிலையைக் கழுவிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். அவளே குடத்தில் ஏரித் தண்ணீர் கொண்டுவந்தாள். இரண்டு பெண்கள் தேங்காய் நாரால் பதமாகத் தேய்த்துவிட்டார்கள். மேலே ஏறியிருந்த அடை கரையக் கரைய என் அட்டையும் கரைந்தது. கிரீடம் என்று நான் எழுதியது கிரீடமே இல்லை, உயர்த்திக் கட்டிய சடை. சங்கு என்று எழுதியது ஒரு சின்னத் தண்ணீர்க் கெண்டி. பின் இடது கையில் தேய்ந்தது போக மிச்சம் இருந்தது ஒரு தாமரைத் தண்டு. சடையின் நடுவில், கட்டைவிரல் அளவுக்கு, கண்மூடித் தியானத்தில் உட்கார்ந்த ஒரு சின்ன உருவம். புத்தர்.

பெருமாள் இல்லை. அவலோகிதர். போதிசத்துவர்களில் கருணைக்கு உரியவர். பல நூறு வருஷத்துக்கு முன்னால் காஞ்சிபுரத்தைச் சுற்றிப் பௌத்தர்கள் இருந்த காலத்தில் யாரோ செதுக்கி வைத்தது. நம் பக்கத்தில் புத்தர் சிலை ஏரிக்கரையில் அங்கங்கே கிடைக்கும், போதிசத்துவர் கிடைப்பது அபூர்வம். ஒரு பக்கம் வெட்கம், இன்னொரு பக்கம் ஆசை. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தவன் என்று பெயர் வாங்க எத்தனை பேர் காத்துக்கிடக்கிறார்கள்!

உத்திரமேரூர் தபாலாபீசுக்குப் போய் மேலதிகாரிக்கு டிரங்க் கால் போட்டேன். மனுஷர் குதித்தார். அருமைடா, மியூசியத்துக்குக் கொண்டு வந்துவிடலாம், கட்டுரையை நீயே எழுது என்றார். வழிபாட்டில் இருக்கும் சிலையை ஊரார் சம்மதம் இல்லாமல் தொடுவதில்லை என்பது எங்கள் அலுவலக வழக்கம். அதைச் சொல்லி, காலனிக்காரர்கள் கும்பிடுகிறார்கள் சார் என்றேன். அதற்கு அவர், நீதான் ஏற்கெனவே இல்லை என்று எழுதிவிட்டாயே, அதை ஏன் கிளறுகிறாய், உருவத்தை மட்டும் திருத்து என்றார்.

என் நிலைமையைப் பாருங்கள். முதல் அட்டை அப்படியே நின்றால் சாமி கோயிலுக்குள் போகும். பாதி திருத்தினால் சாமி மெட்ராஸுக்குப் போகும். இரண்டிலும் அஞ்சலைக்குச் சாமி இல்லை. முழுக்கத் திருத்தினால் நான் வேலை தெரியாதவன் என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி, மேலதிகாரியின் பேச்சை மீறினதாகவும் ஆகும். நெருக்கடி என்றால் வெள்ளமும் நெருப்பும்தான் என்று நினைக்காதீர்கள். நம் தொழிலில் நெருக்கடி, இல்லை என்று எழுதிய ஒரு வார்த்தையை அடிக்க வேண்டி வருகிறதே, அதுதான். பொய் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்கிற இடத்தில்தான் மனுஷன் வழுக்கி விழுவான். நானும் விழத்தான் இருந்தேன். ராத்திரி தங்கக் காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, அந்தக் கட்டுரைக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்றுகூட யோசித்தேன். இதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

என்னைத் தடுத்தது தர்மமோ நியாயமோ இல்லை. கட்டுரையில் என்ன எழுதலாம் என்று யோசித்தபோது நானே படித்திருந்த விஷயம்தான் குறுக்கே வந்து நின்றது. என்ன விஷயம் என்பதை மறுநாள் அவர்களிடம் சொன்னபடியே உங்களுக்கும் சொல்கிறேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏரிக்கரையில் தாசில்தார் ஜீப் வந்து நின்றது. ஒரு பக்கம் பெரிய நைனாவும் ஊர்க்காரர்களும். இன்னொரு பக்கம் காலனி ஆட்கள். நடவை நிறுத்திவிட்டு, சேறு காயாத காலோடு வந்து நின்ற அஞ்சலையும் பெண்களும் சிலையை ஒட்டி நின்றார்கள். தாசில்தார் என்னைப் பார்த்து, சொல்லுங்கள், இது பெருமாள்தானா என்றார்.

இல்லை என்றேன். நான் எழுதியது தப்பு என்றேன். வழிபாடு இல்லை என்று எழுதியதும் தப்பு. போன வருஷம் இந்தக் கையில் இருந்த நாற்றைப் பிடுங்கி எறிந்தவன் நான்தான், ஊர்க்காரர்கள் இல்லை, புல் என்று நினைத்தேன் என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேற்றே ஏன் சொல்லவில்லை என்கிற பார்வை. தாசில்தார் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்தப் பேச்சுக்காக எனக்கு மெமோ வந்தது, மேலதிகாரி ஓய்வு பெறுகிற வரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அது பெரிய விஷயம் இல்லை.

அப்படியானால் இது யார் என்று தாசில்தார் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புத்தர் என்றால் துன்பத்தைக் கடந்து அந்தக் கரை போய்ச் சேர்ந்தவர். போதிசத்துவர் என்றால் போய்ச் சேரக்கூடியவர், வாசல் வரைக்கும் வந்துவிட்டவர், ஆனாலும் உள்ளே போகாமல் நின்றுவிட்டவர். தன் பின்னால் அழுகுரல் கேட்டுத் திரும்பிப் பார்த்து, இத்தனை பேர் வெளியே நிற்கும்போது நான் மட்டும் எப்படி உள்ளே போவது, கடைசி உயிர் வரைக்கும் போகட்டும், அப்புறம் போகிறேன் என்று சபதம் எடுத்தவர். அதனால்தான் புத்தரை உட்கார்ந்தபடி செதுக்கினவர்கள்கூட இவரை நிற்க வைத்தார்கள், யாராவது கூப்பிட்டால் உடனே போக வேண்டுமே. அவலோகிதர் என்றால் கீழே நோக்குகிறவர் என்று பொருள். தலையில் இருக்கும் சின்ன உருவம் அவருடைய குரு, குருவைத் தலையில் வைத்துச் சுமக்கிறார். தாமரை சேற்றில்தான் பிறக்கும், ஆனால் சேறு அதில் ஒட்டாது. கெண்டியில் இருப்பது தாகம் எடுத்தவர்களுக்குத் தண்ணீர். நீட்டிய கை கேட்கிற கை இல்லை, கொடுக்கிற கை.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் பெண்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இத்தனை காலம் அதற்கு நாம் கொடுத்துக்கொண்டிருந்தோம், அது நமக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததா என்று ஒரு கிழவி கேட்டாள். இரண்டும்தான் என்றேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி இல்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித்தான் பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

பெரிய நைனா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் தொனித்தது.

"புத்தரும் பெருமாளோட அவதாரம்னுதான் சார் சொல்றாங்க. யாரா இருந்தா இன்னா, சாமி சாமிதான். வெயில்லயும் மழைலயும் நின்னுக்கினு கீது. உள்ள கொண்டாந்து வச்சா வேளாவேளைக்கு விளக்கு, பூசை. இதுல யாருக்கு இன்னா நஷ்டம்?"

தாசில்தார் தலையாட்டினார். காலனி ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் பெரிய நைனாவின் கழனியில் வேலை பார்க்கிறவர்கள். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டேன். இனி காரியம் கைநழுவிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். அப்போது அஞ்சலை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"சார், நீங்க இப்ப சொன்னீங்களே. கடசி ஆள் வரைக்கும் உள்ள போனாத்தான் இது போவும்னு. மெய்தானா?"

மெய்தான் என்றேன். அதுதான் அதன் சபதம் என்றேன்.

அவள் பெரிய நைனா பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப தூக்கலாம் நைனா. எங்காளுங்களே தோள் குடுப்பாங்க. மின்னாடி நாங்க உள்ள போறோம். எங்க பின்னால அது வரட்டும்."

நான் பெரிய நைனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒரு யுத்தம் நடந்தது, பொய் சொல்ல மாட்டேன். தன் பின்னால் நின்ற ஊர்க்காரர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர்கள் முகத்தில் என்ன கண்டாரோ. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தாசில்தாரிடம் சொன்னார்.

"இங்கயே இருக்கட்டும் சார். எய்திக்குங்க."

தாசில்தார் பேனாவைத் திறந்தார். வழிபாட்டில் உள்ளது, இருக்கும் இடத்திலேயே இருக்கலாம் என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன், பெரிய நைனாவும் போட்டார். அஞ்சலை கைநாட்டு வைத்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். மியூசியம் இல்லை, கோயில் இல்லை, சாமி அவர்களிடமே நிற்கிறது. பொறுக்க மாட்டாமல் அவளிடம் போய், உன் சாமி உனக்கே கிடைத்துவிட்டதம்மா என்று சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் விரலில் ஒட்டியிருந்த மையைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். இங்கயே இருக்கட்டும்னு எவ்ளோ சுளுவா வந்துச்சி பாத்தீங்களா. உள்ள வாங்கன்னு ஒரு வார்த்த வர்ல."

பெரிய நைனாவுக்கும் அது காதில் விழுந்திருக்கும், மூன்றடி தூரத்தில்தான் நின்றார். அவர் ஜீப்பை நோக்கி நடந்தார். தாசில்தாருக்கு அவர் வீட்டில் சாப்பாடு ஏற்பாடாகியிருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

அஞ்சலை பெண்களைப் பார்த்துக் கையசைத்தாள். பாதி நட்டும் பாதி நடாமலும் கிடந்தது கழனி, நாற்று முடிகள் வெயிலில் வாடத் தொடங்கியிருந்தன. ஒருவர் பின் ஒருவராக வரப்பில் இறங்கி, சேற்றில் கால் வைத்து, விட்ட இடத்தில் இருந்து குனிந்து நட ஆரம்பித்தார்கள். அது பெரிய நைனாவின் கழனி.